தொப்புளைச் சுத்தி 14 ஊசி

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே. 1984-ஆம் வருஷம், எனக்கு 9 வயசு. தெருமுனையில படுத்திருந்த நாயோட வாலைத் தெரியாம மிதிச்சுட்டேன். ஆடுசதையில நல்ல கடி. அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடினா, பாட்டி சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் குழைச்சு காயத்துல அப்பிட்டாங்க. நாய் கடிச்சப்போகூட நான் அப்படிக் கத்தலை! சாயங்காலம் அப்பா வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். கடிச்ச நாய் மறுநாளே காணாமப் போனதால முழுக் கோர்ஸும் போட்டாங்க. தினம் ஒண்ணு, 14 நாள், வயித்துல.

பாட்டி வைத்தியத்துக்கு எவ்வளவு பெரிய பரம்பரை இருக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. காயத்தைச் சுட்டா விஷம் போயிடும்கிற நம்பிக்கை உலகம் முழுக்க இருந்திருக்கு. ஐரோப்பாவுல புனித ஹூபர்ட் பேரால ஒரு இரும்புச் சாவி. அதைப் பழுக்கக் காய்ச்சி கடிவாயில வைப்பாங்க. ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சொல்ற வைத்தியம் இன்னும் மோசம்: தண்ணியைப் பார்த்து நடுங்குற நோயாளியை, அவனுக்கே தெரியாம குளத்துல தள்ளிவிடணுமாம். ஏற்கனவே சாகப்போறவனுக்கு இது வேறயா!

சட்டமும் பழசுதான். இன்றைய ஈராக்கில் இருந்த எஷ்னுன்னா நகரத்தோட களிமண் பலகைகள் ஏறக்குறைய 4000 வருஷத்துக்கு முந்தியவை. வெறிநாய்னு தெரிஞ்சும் அதைக் கட்டிப்போடாம, அது கடிச்சு ஒருத்தர் செத்தா, நாய்க்காரர் 40 ஷெக்கல் வெள்ளி அபராதம் கட்டணும். செத்தது அடிமைன்னா 15 போதும். ஆக, நாய் கடிச்சா மனுஷன் சாவான்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் வந்த அரிஸ்டாட்டில், வெறிநாய் கடிச்ச மிருகங்களுக்கெல்லாம் வெறி வரும், மனுஷனுக்கு மட்டும் வராதுன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். பெரிய ஆளுங்களும் இப்படிச் சறுக்குவாங்க.

என்னை அசத்தினது சுஸ்ருத சம்ஹிதைதான். வெறிபிடிச்ச நாயோட வாலும் தாடையும் தோளும் தொங்கிப்போகும், எச்சில் வழியும், கண்ணும் காதும் மங்கும்னு அதுல இருக்கு. கடிபட்டவன் தண்ணியைக் கண்டு பயந்தா பிழைக்க மாட்டான்னும் சொல்லுது. அந்தப் பயத்துக்கு ஜலத்ராசம்னு பேர். இன்னிக்கு டாக்டர்கள் சொல்றதும் அதுதான். வைரஸ் நரம்பு வழியா மூளைக்குப் போனதும் விழுங்குற தசைகள் இழுத்துக்கும். தண்ணியைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். குரல் கம்மிப்போய் வர்ற சத்தத்தைத்தான் நம்ம ஊர்ல "நாய் மாதிரி குரைச்சான்"னு சொல்லிட்டாங்க. மேற்கு வங்கத்துல இதைவிட ஒருபடி மேல. நாய் கடிச்சா வயித்துக்குள்ள நாய்க்குட்டி வளரும்னு நம்பி பயந்தவங்களைப் பத்தி 2003-ல ஒரு மருத்துவக் கட்டுரையே வந்திருக்கு.

சரி, பாஸ்டருக்கு வருவோம். ஸ்கூல் புத்தகத்துல நாம படிச்சது இதுதான்: ஜோசப் மெய்ஸ்டர்ங்கிற அல்சேஸ் பையன், 1885 ஜூலை 4 அன்னிக்கு நாய் கடிச்சு, 6-ஆம் தேதி பாஸ்டர்கிட்ட வந்தான், பிழைச்சான். அவனுக்கும் 9 வயசு. (இதைப் படிச்சப்போ ஏதோ கூடப்படிச்ச பையன் மாதிரி தோணிச்சு.) நோய் கொடுத்த முயலோட தண்டுவடத்தை எடுத்து கண்ணாடிக் குடுவையில தொங்கவிட்டு காயவைப்பாங்க. காயக் காய வீரியம் குறையும். 15 நாள் காய்ஞ்சதுல ஆரம்பிச்சு, நாளாக நாளாகப் புதுசா எடுத்ததைப் போட்டு, 13 ஊசி. பாஸ்டர் டாக்டர் கிடையாது, ரசாயனக்காரர். அதனால ஊசி போட்டது கிரான்ஷேங்கிற மருத்துவர். கூட வேலை பார்த்த ரூ, இது அவசரம்னு ஒதுங்கிட்டார். அவர் பயந்ததுல நியாயம் இருக்கு. மெய்ஸ்டருக்குப் போட்ட முறையை பாஸ்டர் நாய்கள்கிட்ட ஒழுங்கா சோதிச்சு முடிக்கலைன்னு, அவரோட நோட்டுப் புத்தகங்களைப் படிச்சு கெய்சன்ங்கிற வரலாற்றாசிரியர் 1995-ல எழுதினார். வெறிநாய் கடிச்ச எல்லாருக்கும் நோய் வர்றதும் இல்லை. ஆனா அடுத்த மார்ச்சுல ஸ்மோலென்ஸ்க்லேர்ந்து ஓநாய் கடிச்ச 19 ரஷ்யர்கள் பாரிஸுக்கு வந்து, 16 பேர் உயிரோட திரும்பினதும் நடந்ததுதான்.

அதோட ஊசியே ஒரு தமாஷா ஆச்சு. 1885 டிசம்பர்ல அமெரிக்காவின் நியூவார்க்லேர்ந்து நாலு குழந்தைகளைக் கப்பலேத்தி பாரிஸுக்கு அனுப்பி ஊசி போட்டுக் கூட்டிவந்தாங்க. திரும்பி வந்த பிறகு நியூயார்க்ல காசு வாங்கிக்கிட்டு அவங்களை வேடிக்கை காட்டியிருக்காங்க! எடெல்ஃபெல்ட் அதே வருஷம் வரைஞ்ச பாஸ்டர் ஓவியத்துல நாயும் இல்லை, நோயாளியும் இல்லை. ஒரு மனுஷன் குடுவைக்குள்ள தொங்குற முயல் தண்டுவடத்தை உத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது.

நம்ம பக்கம் கதை குன்னூர்ல இருக்கு. ஒரு காலத்துல இந்தியாவுல கடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களை பாரிஸுக்கே அனுப்புவாங்க. 1900-ல கசௌலியில பாஸ்டர் நிலையம் வந்துச்சு. ஆனா தெற்கேயிருந்து அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள என்னாகும்? 1902-ல லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ்ங்கிற இளம்பெண் வெறிநாய்க்கடியில இறந்த பிறகுதான் தெற்குக்கும் ஒண்ணு வேணும்கிற பேச்சு வலுத்துது. ஹென்றி ஃபிப்ஸ்ங்கிற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த நன்கொடையும் சேர, 1907-ல குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தாங்க. ஊட்டி போற வழியில பார்த்திருப்பீங்க.

என் வயித்துல ஏறினது செம்பிள் மருந்து. டேவிட் செம்பிள் 1911-ல கசௌலியில கண்டுபிடிச்சது. ஆட்டு மூளையை ஃபீனால் போட்டுப் பண்றது. சிலருக்குப் பக்கவாதம்கூட வந்திருக்கு. இந்தியாவுல 2005 வாக்குலதான் இதை நிறுத்தினாங்க. இப்ப கையில நாலஞ்சு ஊசி, அவ்வளவுதான். கடி ஆழமா இருந்தா காயத்துலயும் ஒரு மருந்து.

சினிமாவுல வெறிநாய்னா உறுமும், பாயும், வாயில நுரை தள்ளும். 1983-ல வந்த "கூஜோ" பார்த்தவங்களுக்குத் தெரியும். நிஜத்துல பாதி நாய்கள் சுஸ்ருதர் சொன்ன மாதிரி தாடை தொங்கிப்போய் மூலையில சுருண்டு கிடக்கும். பாவமேன்னு தொடப் போறவங்கதான் மாட்டுவாங்க.

எங்க தெரு டெய்லர் அண்ணன் அப்படித்தான் மாட்டினார். கடை வாசல்ல சோர்ந்து கிடந்த குட்டிக்குப் பால் ஊத்தப் போனவரோட விரல்ல சின்னதா பல் பட்டுச்சு. ரெண்டு நாள்ல குட்டி செத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அப்பா சொன்னார். அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "உங்க பையன் பட்ட பாட்டைத்தான் கேட்டேனே சார், நம்மால ஆவாது"ன்னார். ரெண்டு மாசம் கழிச்சு அவர் டீ கிளாஸைக் கையில எடுக்க முடியாம தள்ளிவிட்டதை நானே பார்த்தேன். மறுநாள் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலை.

அவர் கடை பெஞ்சுல உக்காந்து, ஊசி இம்மாம் நீளம், நாலு பேர் அமுக்கிப் பிடிச்சாங்க, தொப்புளைச் சுத்தி ரத்தமா வந்துச்சுன்னு அபிநயத்தோட கதை விட்டது நான்தான். ஒருத்தரும் அமுக்கிப் பிடிக்கலை. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான்.