கண்வில்லையின் வரலாறும் உயிரிப்பொருட் கல்வியும்

உடலுக்குப் புறம்பான பொருளொன்று உடலினுள்ளே புகுமாயின் உடல் அதனைப் பகையெனவே கொள்ளும். காலிலே தைத்த முள்ளைச் சுற்றிச் சீழ் கட்டுவதை யாவரும் அறிவர். இவ்வியல்பையும் மீறி, உலோகத்தையும் பல்பகுதியத்தையும் உடலோடு இணங்கியிருக்கச் செய்வது எங்ஙனம் என ஆராயுந் துறையே உயிரிப்பொருள் விஞ்ஞானம். இன்று இது பல பல்கலைக்கழகங்களிலே தனிப் பாடமாய் விளங்குகின்றது. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம், “இத்துறை உயிரியல் கற்றோர்க்கு உரியதா, கணிதங் கற்றோர்க்கு உரியதா?” என வினவினார். வரலாறு கற்பிக்கும் யான் அவ்வினாவுக்கு வரலாற்றைக் கொண்டே விடை கூற முற்படுகின்றேன்.

கண்ணினுள் இருக்கும் வில்லை மங்குவதே கண்புரை எனப்படும். மங்கிய வில்லையைப் பார்வையின் வழியினின்றும் ஒதுக்கிவிடும் சிகிச்சையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. 18ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு வைத்தியர் டவியேல் வில்லையை வெளியே எடுக்கும் முறையைக் கைக்கொண்டார். ஆயினும், எடுத்த வில்லைக்கு ஈடாக ஒன்றை வைப்பார் இலர். சிகிச்சை பெற்றோர் தடித்த கண்ணாடி அணிந்தே காண வேண்டியிருந்தது. அக்கண்ணாடியூடே பொருள்கள் ஏறக்குறைய நாலிலொரு பங்கு பெரிதாய்த் தோன்றும். என் பாட்டியார் அத்தகைய கண்ணாடியுடன் படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்தமை இன்றும் என் நினைவில் உள்ளது.

இக்குறையை நீக்கும் வழி, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியப் போர்விமானங்களின் மேன்மூடி பேர்ஸ்பெக்ஸ் என்னும் பல்பகுதியத்தால் ஆக்கப்பட்டிருந்தது. குண்டு பட்டு அது சிதறியபோது அதன் துணுக்குகள் விமானிகள் சிலரின் கண்களிலே புகுந்தன. அவர்களைப் பரிசோதித்தவருள் ஒருவர் இலண்டன் கண் வைத்தியர் ஹரோல்ட் றிட்லி. துணுக்கின் கூர்முனை நுண்ணுணர்வுள்ள பகுதியைத் தீண்டாதவிடத்துக் கண் அத்துணுக்கைப் பொறுத்துக்கொண்டு அமைதியாய் இருந்ததை அவர் கண்டார். போர் முடிந்த பின்னர் ஒருநாள், அவர் புரை அகற்றியதைப் பார்த்திருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை ஏன் வைக்கவில்லை எனக் கேட்டாராம். முன்னர் கண்ட காட்சியும் மாணவரின் வினாவும் ஒன்றுசேர்ந்து றிட்லியைச் செயலிலே தூண்டின.

ஆனால், வைத்தியர் ஒருவரால் மட்டும் ஆகும் காரியமன்று அது. தூய்மை மிக்க பேர்ஸ்பெக்ஸை இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்றீஸ் என்னும் இரசாயன நிறுவனம் ஆக்கிக் கொடுத்தது. றெய்னர் என்னும் ஒளியியல் நிறுவனம் அதனை வில்லையாகக் கடைந்தது. 1949 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையிலே, 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் முதல் வில்லை வைக்கப்பட்டது. வில்லையொன்று கண்ணிலே நிலையாக விடப்பட்டது 1950 பெப்ரவரி 8ஆம் நாளிலேதான். சிகிச்சை வென்றது, கணக்குத் தவறியது. இயற்கை வில்லையின் வடிவத்தைப் பின்பற்றியே புதியது செய்யப்பட்டிருந்தது. பேர்ஸ்பெக்ஸின் முறிவுச் சுட்டியோ இயற்கை வில்லையினதிலும் கூடியது. ஆகவே, நோயாளிக்குக் கடுங் குறும்பார்வை உண்டாயிற்று. பௌதிகம் திருத்தவேண்டிய பிழை அது.

1951இல் றிட்லி தம் முயற்சியை ஒக்ஸ்போர்ட் மாநாட்டிலே வெளியிட்டபோது மூத்த வைத்தியர் பலர் கடுமையாக எதிர்த்தனர். புறப்பொருளைக் கண்ணிலிருந்து எடுப்பதே வைத்தியர் கடமை. இவரோ புறப்பொருளைக் கண்ணுள்ளே வைக்கின்றார் என்பது அவர்தம் கண்டனம். அவ்வெதிர்ப்பை வெறும் பொறாமை என்று தள்ளுதல் நேர்மையாகாது. தொடக்ககால வில்லைகள் பாரம் மிக்கவை. சில இடம் பெயர்ந்தன. சிலவற்றை மீட்டும் வெளியே எடுக்க நேர்ந்தது. குறைகள் படிப்படியாகவே நீங்கின. 1981இல் ஐக்கிய அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் கண்ணுள் வில்லைக்கு அங்கீகாரம் வழங்கியது. றிட்லி 1986இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்; 2000ஆம் ஆண்டிலே தமது 93ஆம் வயதில் ‘சேர்’ பட்டம் பெற்றார். அவருக்கும் புரை கண்டபோது அவர் பார்வையைக் காத்தது தாம் கண்ட அவ்வில்லையே.

பொருளின் தேர்வு தவறுமாயின் விளைவு யாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியாகிய ஜோன் சார்ன்லி, வழுவழுப்பு மிக்க ரெப்லோனை 1950களின் பிற்பகுதியிலே மூட்டுக் கிண்ணமாகப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளுள் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் அருகிலுள்ள தசையைப் புண்படுத்தின. அவர் அப்பொருளைத் தம் தொடையினுள்ளேயே வைத்துச் சோதித்துத் தீங்கை உறுதிசெய்தார். 1962இல் உறுதிமிக்க பொலித்தீனுக்கு மாறினார். உடல் ஏற்பதாய்த் தோன்றும் பொருளும் தேய்ந்த பின்னர் பகையாகலாம் என்பதே இதனாற் பெற்ற பாடம்.

இத்தகைய வெற்றி தோல்விகளைத் தொகுத்து முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தினின்றே இத்துறை கல்வியாய் மலர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலே 1969 முதல் உயிரிப்பொருட் கருத்தரங்குகள் ஆண்டுதோறும் நடைபெற்றன. அவற்றின் பயனாக 1974இல் உயிரிப்பொருட் சங்கம் தோன்றியது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்தமையால் மட்டும் ஏழைக்குப் பயன் கிட்டிவிடாது. 1976இல் மதுரையிலே வைத்தியர் கோ. வேங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதியாகும் வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்தது. ஆதலின், 1992இல் அவ்வமைப்பினர் அரோலாப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி வில்லைகளைத் தாமே ஆக்கலாயினர். ஏறக்குறைய 100 டொலர் விலைபெற்ற பொருள் 10 டொலர் அளவிற்கு இறங்கியது. றிட்லியின் வில்லை ஏழையின் கண்ணை அடைந்தது அப்போதுதான்.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். கண்ணின் இயல்பை அறிந்தவர் வைத்தியர். பொருளை ஆக்கியோர் இரசாயனங் கற்றோர். வில்லையைக் கடைந்தோர் ஒளியியல் வல்லுநர். விலையைக் குறைத்தோர் ஏழைகளின் துயரை உணர்ந்தோர். இவருள் எவர் விலகியிருப்பினும் இவ்வரலாறு நிறைவெய்தியிராது. உயர்தர வகுப்பிலே நாம் மாணவர்க்கிடையே இட்ட சுவர் நிருவாக வசதிக்கு இட்டதேயன்றி, அறிவுக்கு இட்ட எல்லையன்று. உயிரியல் மாணவன் பொருளின் வலிமையையும், கணித மாணவன் குருதியின் குணத்தையும் அறிய அஞ்சலாகாது. வகுப்பிலே மாணவர் வினா எழுப்பும்போது ஆசிரியராகிய நாமும் பொறுமையுடன் செவிசாய்த்தல் வேண்டும். றிட்லியைத் தூண்டியதும் ஒரு மாணவரின் வினாவே அன்றோ!