ஓர் இரவின் அழுகுரலும் உமர் (ரலி) மாற்றிய சட்டமும்



தந்தையின் முகம் காணாது பிறந்து, ஆறு வயதில் அன்னையையும் இழந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் சுவனத்தில் தமக்கு எத்துணை நெருக்கமாக இருப்பார் என்பதை, சுட்டுவிரலையும் நடுவிரலையும் உயர்த்திக் காட்டி அவர்கள் உணர்த்தினார்கள். இதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

ஆயினும் இன்று சிலர் ஒரு கேள்வி எழுப்புகின்றனர். ஆதரவற்ற குழந்தைகளுக்கென அரசே உதவித்தொகை வழங்குகிறது. அதற்கென அலுவலகங்களும் அதிகாரிகளும் இருக்கின்றனர். இதில் நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது? இக்கேள்விக்கு மதீனாவின் ஓர் இரவு விடை தருகின்றது.

பதிவேடும் ஒரு நிபந்தனையும்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சி ஹிஜ்ரி 13 முதல் 23 வரை (கி.பி. 634–644) நீடித்தது. இராக், ஷாம், மிஸ்ர் ஆகிய பகுதிகள் இஸ்லாமிய ஆட்சியின்கீழ் வந்து, பைத்துல் மாலுக்குப் பெரும் வருவாய் சேர்ந்த காலம் அது. அச்செல்வத்தை முறையாகப் பங்கிட, 'தீவான்' எனும் பதிவேட்டை உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்தினார்கள். கோத்திரம் கோத்திரமாகப் பெயர்கள் எழுதப்பட்டு, ஆண்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. குழந்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே தொகை எழுதப்படும்.

ஏட்டளவில் பார்ப்பவருக்கு இதில் குறையேதும் தெரியாது. பால் குடிக்கும் பிள்ளைக்குத் தனியே உணவுச் செலவு ஏது என்றே தோன்றும். ஆனால் அந்த ஒரு வரி வீடுகளுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பதிவேடு காட்டவில்லை.

விழித்திருந்த இருவர்

ஒருநாள் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவுக்கு வந்து, தொழுகைத் திடலில் தங்கியது. திருடர்களிடமிருந்து அவர்களைக் காக்க, இன்றிரவு நாம் காவலிருப்போமா என்று உமர் (ரலி) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்தார்கள். ஒருவர் நாட்டின் தலைவர். மற்றவர் பெரும் செல்வந்தர். கூலி பெறாத காவலர்களாக, இருவரும் தொழுதுகொண்டே விழித்திருந்தனர்.

அப்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் சென்று, இறைவனுக்கு அஞ்சிப் பிள்ளையை நன்கு கவனிக்குமாறு தாயிடம் கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் சென்று அறிவுரை கூறினார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாம் முறையும் அழுகை எழுந்தது. அந்தத் தாயைக் கடிந்துகொண்ட உமர் (ரலி) அவர்கள், இப்போதுதான் காரணத்தைக் கேட்டார்கள். தம்முடன் பேசுபவர் யார் என்று அறியாத அப்பெண், பால் மறக்கடிக்க முயல்வதாகவும் குழந்தை இணங்க மறுப்பதாகவும் கூறினாள். ஏன் இந்த அவசரம்? பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் தொகை தருகிறார் என்றாள் அவள். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன!

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில், அழுகை மிகுதியால் உமர் (ரலி) அவர்களின் ஓதலை மக்களால் தெளிவாகக் கேட்க இயலவில்லை. முஸ்லிம்களின் பிள்ளைகள் எத்தனை பேரின் மரணத்துக்குத் தாம் காரணமானோமோ என்று தொழுகை முடிந்ததும் வருந்தினார்கள். பிள்ளைகளுக்கு அவசரமாகப் பால் மறக்கடிக்க வேண்டாம். இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என அறிவிக்கச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதினார்கள். பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம்; வளர்ந்ததும் 200 என்று இப்னு ஸஅத் அவர்களின் தபகாத் நூல் குறிப்பிடுகின்றது.

சிந்தியுங்கள்! பணம் இருந்தது, பதிவேடு இருந்தது, நீதிமிக்க தலைவரும் இருந்தார். இருந்தும் குறை தெரியவில்லை. ஒருவர் உறக்கம் துறந்து, அழுகை வந்த திசையில் நடந்து, காரணம் கேட்ட பிறகே தெரிந்தது. முதல் இரு முறை அறிவுரை கூறினார்கள், பயனில்லை. மூன்றாம் முறை கேட்ட கேள்வியே சட்டத்தை மாற்றியது.

தூக்கி வந்தவரும் செலவை ஏற்றவரும்

அதே ஆட்சிக்காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி. அபூ ஜமீலா என்பவர், கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து உமர் (ரலி) அவர்களிடம் கொண்டு வந்தார். அதை ஏன் எடுத்தீர் என்று விசாரித்தபோது, அழிந்துபோகும் நிலையில் கண்டதால் எடுத்தேன் என்றார். அவர் நல்லவர் என்று அவருடைய பகுதிப் பொறுப்பாளர் சான்று கூறினார். அதன்பின், வளர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, செலவை உமர் (ரலி) அவர்கள் பைத்துல் மாலின் கணக்கில் ஏற்றார்கள்.

குழந்தையைக் கண்டறிந்தவர் ஒரு தனிமனிதர். அவரை அறிந்து சான்று கூறியவர் ஊர்ப் பொறுப்பாளர். செலவை ஏற்றது அரசு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அக்குழந்தை முறையான ஆதரவைப் பெற்றிருக்காது.

நம் மஹல்லாவில்

நம் நாட்டிலும் திட்டங்கள் உள்ளன. 2022-இல் வெளியான 'மிஷன் வாத்சல்யா' நெறிமுறைகள், உறவினர் வீட்டில் வளரும் அநாதைக் குழந்தைகளுக்கும், வறுமையில் வாடும் விதவைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழிசெய்கின்றன. ஆனால் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என எத்தனை படிகள்! கணவனை இழந்து இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலிருக்கும் இளம் தாய் எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்பாள்? அங்கே அவளுக்காக நிற்பது யார்?

மய்யித்தை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் நமக்கு, அவ்வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது தெரியும். அலுவலகத்துக்குத் தெரியாது. படித்த இளைஞர் இருவர் மாதத்தில் ஒருநாள் ஒதுக்கி, விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, தொகை வந்து சேரும்வரை தொடர்ந்து விசாரித்தால் அதுவே பெரும் சேவை. அவ்வீட்டாரின் வறுமையை ஊரறியச் செய்யாமல் காப்பதும் அச்சேவையின் ஒரு பகுதி.

கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால், இரக்கத்தினாலும்கூட நாமே வைத்துக்கொள்ளலாகாது. 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். அபூ ஜமீலாவும் குழந்தையை நேரே கலீஃபாவிடம்தானே கொண்டு சென்றார்!

பெருமக்களே! அந்த இரவில் குழந்தை மூன்று முறை அழுதது. மூன்று முறையும் எழுந்து செல்ல ஒருவர் இருந்தார். நம் தெருவில் எழும் அழுகுரலுக்கு எழுந்து செல்வோராக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.