கஞ்சா சூயிங்கத்துக்கு முன்னால் சிங்கோனா

கஞ்சா சேர்த்த சூயிங்கம் இலங்கை மலையகத்துக்குப் புதிய பணப்பயிரைத் தரும் என்போர், றொசல்ல என்ற ஊரைச் சூழ்ந்த மலைநாட்டின் பழைய மருந்துப்பயிரை முதலில் பார்க்கவேண்டும். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டபின் துரைமார் பலர் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1861இல் தொடங்கிய ஹக்கல தோட்டம் அதற்கான நாற்றுகளை முன்பே வளர்த்திருந்தது. 1880களில் கொயினா மருந்துக்கான சிங்கோனாப் பட்டை கப்பல் கப்பலாகப் போனது. கொயினாச் சத்து மிகுந்த ஜாவாப் பட்டையும் சந்தையில் குவிய, விலை சரிந்தது. அந்த நிலத்தில் தேயிலை ஏறியது. பட்டையைக் கொயினாவாக வடித்தவை ஐரோப்பிய ஆலைகள்.

சூயிங்கம் முடிவுப்பொருள், இலாபம் இங்கேயே தங்கும் என்று மறுக்கலாம். தேயிலையிலும் ஒரு பகுதி இங்கேயே பொதியாகிறது. ஆயினும் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை தோட்டத் தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. பயிரை மாற்றுவோர் கூலிக்கணக்கையும் முன்கூட்டியே சொல்லட்டும்.