பிரிக்ஃபீல்ட்ஸ் அரசுக் குடியிருப்பும் தமிழர் குடும்ப வரலாறும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்தே தொடங்குகின்றனர். தமிழருள் மிகப் பலர் தோட்டத் தொழிலாளராக இருந்தமையின் இஃது இயல்பே. எனினும், கோலாலம்பூரின் விளிம்பில் அரசுப் பணியாளர்க்கென எழுப்பப்பட்ட வரிசை வீடுகளில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாறு நம் ஆய்வுகளில் உரிய இடம் பெறவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குவோம்.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரை எழுப்புமாறு ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் 1880களில் பணித்தார். அதற்கான சூளைகள் அமைந்த களிமண் நிலமே பிரிக்ஃபீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர்ச் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் தண்டவாளத் திடலும் இங்கு அமைய, சூளை நிலம் இரயில்வே ஊராயிற்று.

தண்டவாளம் இட்டோருள் தமிழகத்துத் தொழிலாளர் மிகுதி. நிலையத் தலைவர், கிராணி முதலிய பதவிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வி அவர்களுக்குக் கைகொடுத்தது. ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் ஆகிய தெருக்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' இத்தகைய பணியாளர்க்கானதே.

இவ்வீடுகளின் தன்மையைச் சற்று நின்று காணல் வேண்டும். குடும்பத் தலைவரின் பணியோடு வீடு பிணைக்கப்பட்டிருந்தது. இடமாற்ற ஆணை வந்தால் வீடு மாறும். ஓய்வு பெற்றால் வீடு போகும். பிள்ளைகள் பிறந்ததும், பெண்ணுக்கு மணம் பேசியதும், முதியோர் இறந்ததும் ஒரே கூரையின் கீழாயினும் அக்கூரை குடும்பத்துக்கு உரியதன்று. 'வீடு' எனும் சொல்லை 'விடு' எனும் வினையடியோடு இயைத்துக் காட்டுவது நம் வகுப்பறை வழக்கம். குவார்ட்டர்ஸ் வாழ்க்கைக்கு அவ்விளக்கம் வேண்டிய அளவிற்கு மேலாகவே பொருந்துகிறது! தோட்டத்து லயத்திலும் இதே நிலைதான். வேலை நின்றால் வீடும் இல்லை. கிராணியின் குடும்பமும் பால்மரம் வெட்டியவரின் குடும்பமும் கல்வியாலும் ஊதியத்தாலும் வேறுபட்டு நின்றன. இவ்வொன்றில் அவை வேறல்ல. இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியே எழுதி வந்தமையால் இவ்வொற்றுமை நம் கண்ணிற் படாமற் போயிற்று என்பது எம் கருத்து.

சொந்த மனை இல்லாதவர் பொது மனைகளைக் கட்டினர். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமமும், அதனையொட்டி வளர்ந்த பள்ளிகளும், ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் இவ்வகையின. குடும்பம் வீடு மாறினாலும் திருவிழா மாறவில்லை. 1950களில் உருவான பெட்டாலிங் ஜெயாவில் சொந்த வீடு வாங்கிச் சென்றோரும் வழிபாட்டிற்கும் கடைகண்ணிக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே திரும்பினர்.

தண்டவாளத் திடல் இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010இல் இவ்வட்டாரம் 'லிட்டில் இந்தியா' எனத் தொடங்கி வைக்கப்பட்டது. வளைவுகளும் வண்ணமும் கடைத்தெருவுக்கு வந்தன. குடியிருப்பின் வரலாறு அதில் இடம்பெறவில்லை. ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் எதிர்ப்பைச் சந்தித்தது. 2016இல் ஆசிரமக் கட்டடம் தேசிய மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்காகக் குரல் கொடுக்கப் பழைய மாணவரும் பொதுமக்களும் இருந்தனர். குவார்ட்டர்ஸ் வீட்டிற்கோ உரிமை கோரத்தக்க வழித்தோன்றல் சட்டப்படி ஒருவரும் இலர்.

கட்டடம் பற்றிய செய்திகளை அரசுக் கோப்புகளில் தேடலாம். குடும்பம் பற்றியவை இடமாற்றக் கடிதங்களிலும், யாழ்ப்பாணத்திற்குப் பணம் அனுப்பிய சீட்டுகளிலும், மண அழைப்பிதழ்களிலும், வீட்டு வாயிலில் நின்று எடுத்த நிழற்படங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் இன்று முதுமை எய்தியவர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, முதற்கண் தத்தம் பாட்டன் பாட்டியரிடமிருந்தே இவற்றைப் படியெடுக்கத் தொடங்கலாம்.