இடவப்பாதிக்கு முன்னே



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் மார்த்தாண்டத்தையும் குழித்துறையையும் கடந்தால் களியக்காவிளை வரும். தமிழ்நாடு அங்கே முடிகிறது. அதற்கடுத்த இஞ்சிவிளை கேரளத்தைச் சேர்ந்தது. அதனையும் தாண்டினால் பாறசாலை, பின்னர் நெய்யாற்றங்கரை. எல்லைக்கோட்டின் இருபுறத்து ஊர்ப்பெயர்களும் 'விளை' என்றே முடிவதைக் காணலாம். விளை என்பது அவ்வட்டாரத்தில் வீட்டைச் சூழ்ந்த மேட்டுத் தோட்டநிலம். தென்னையும் மாவும் பலாவும் புளியும் நிழல் தர, அவற்றினிடையே மிளகுக்கொடியும் வாழையும் மரச்சீனியும் வளரும் நிலம் அது. அந்த விளை கோடையின் கடைசியில் வாரி வழங்குவதை அவ்வூர் மக்கள் எங்ஙனம் காத்து வைத்தனர், ஏன் காத்து வைத்தனர் என்பதையே நாம் இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

ஏன் என்ற வினாவுக்கு விடை அந்நாட்டின் பருவத்திலேயே இருக்கிறது. பங்குனியிலும் சித்திரையிலும் வெயில் கொளுத்தும். மாவும் பலாவும் காய்த்துக் குலுங்குவதும், பனை பதநீர் சுரப்பதும் அவ்வெயிலிலேதான். ஜூன் முதல் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையை எட்டும். மலையாள இடவ மாதத்தின், அதாவது நம் வைகாசியின், நடுவில் பெருகத் தொடங்குவதால் அதற்கு 'இடவப்பாதி' என்று பெயர். அதன்பின் ஆனி, ஆடி ஆகிய இரு மாதங்களும் ஈரமே. ஆடியை அங்கே கர்க்கடகம் என்பர். 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்று அடைமொழி கொடுத்தும் சொல்வர். பஞ்ஞம் என்பது நம் பஞ்சமேயன்றி வேறன்று. அடைமழையில் கூலிவேலை கிடையாது. கொந்தளிக்கும் கடலில் வள்ளம் இறங்காது. வயலில் புதுநெல்லும் இன்னும் வந்திராது. மிகுதியான விளைச்சலும் கொடிய வறுமையும் இரண்டே மாத இடைவெளியில் அடுத்தடுத்து வரும் நாடு அது. அந்த இடைவெளிக்குப் பாலம் போட்டவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் கருவி கூலி கேளாத வெயில்.

வெயிலில் காயவைப்பதை அவ்வட்டாரத்தார் 'உணக்குதல்' என்பர். பிற மாவட்டத்துத் தமிழர் பலர் இதனை மலையாளச் சொல் என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் இது நம் பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில், கடற்கரை மணலில் காயும் மீன் உணங்கலைப் பறவைகள் கவராதபடி காத்திருக்கும் இளம்பெண்களைக் காண்கிறோம். நாம் 'உலர்த்துதல்' என்றும் 'காயவைத்தல்' என்றும் பழகி மறந்துவிட்ட அச்சொல்லை, பாறசாலைப் பக்கத்து மூதாட்டி முற்றத்தில் பாயை விரிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மலையாளமும் அதனைப் போற்றி வைத்திருக்கிறது. கிழங்கு கெடாமல் காத்த கைகளே சொல்லையும் கெடாமல் காத்தன எனலாம்.

பாயில் விரிந்தவை எவை? பலாவை அங்கே சக்கை என்பர். பிஞ்சும் காயுமாக உள்ள சுளைகளை அரிந்து, அரைவேக்காடாக வேகவைத்து உணக்குவர். பழுத்த வருக்கைச் சுளையை வெல்லத்துடன் உருளியில் இட்டு, நீர் முற்றும் வற்றும்வரை கிண்டிச் சக்கை வரட்டி ஆக்குவர். சக்கைக்கொட்டையைச் செம்மண்ணில் புரட்டி மூலையில் குவித்துவைத்தால் மழைக்காலக் கறிக்கு உதவும். மாங்காய் உப்புநீரில் அமிழ்ந்து சாடிக்குள் செல்லும். பழச்சாறு பாயில் அடுக்கடுக்காகப் பூசப்பட்டு மாந்திரையாகும். புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டு உருட்டுவர். கருப்பட்டியைப் பனையோலைப் பெட்டியில் அடைத்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றுவர். அடுப்புப்புகை ஈரத்தையும் பூச்சியையும் அண்டவிடாது. வெயில், உப்பு, இனிப்பு, புகை என்னும் இந்நான்கும் செய்வது ஒரே வேலைதான்: பூஞ்சைக்கும் புழுவுக்கும் வேண்டிய ஈரத்தை மறுப்பது.

இவையெல்லாம் உணவுக்குத் துணையாயின. உயிருக்கே துணையானது மரச்சீனிக்கிழங்கு. தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் வழங்குவது அதுவே. தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியே நம் கரைக்கு வந்த அப்பயிரைத் திருவிதாங்கூர் எங்கும் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மகாராஜா. தாவர நூலில் ஈடுபாடு கொண்ட அம்மன்னர், நெல் விளையாத மேட்டுநிலத்திலும் ஏழையின் வயிறு நிறைய வேண்டும் என்று எண்ணி அதனை ஊக்குவித்தார்.

அந்த முன்யோசனையின் அருமை அறுபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, வாங்கி உண்ட நாடு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டுக் கடையில் கிடைத்த அரிசி போதவில்லை. அக்காலத்தில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியது விளையில் நின்ற மரச்சீனியே.

ஆனால் அக்கிழங்குக்கு ஒரு குறை உண்டு. மண்ணிலிருந்து பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுவிடும். கோடையில் பிடுங்கிய கிழங்கை ஆடிப் பட்டினிக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? அதற்கு அவர்கள் கண்ட வழி வாட்டுதல். தோலுரித்த கிழங்கைச் சீவிப் பெரிய சருவத்தில் கொதிநீரிலிட்டு, முழுதும் வேகுமுன் வடித்தெடுத்து, பாறைமேலும் பாய்மேலும் பரப்புவர். தெளிந்த வெயில் சில நாள் அடித்தால், கையிலெடுத்து முறிக்கும்போது சடக்கென ஒடியும். அதுவே பதம். அண்டை அயலார் கூடி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சீவிக்கொடுப்பது வழக்கம். எதிர்பாராத மழை ஒன்று பெய்தால் ஆண்டின் சேமிப்பே பூஞ்சை பிடித்துவிடும். ஆதலின் வானத்தை நோக்கிய ஒரு கண் எப்போதும் விழித்தே இருக்கும்.

வேதிநூல் அறியாத அப்பெண்கள் செய்தது சரியான வேதிநூலே. மரச்சீனியில் சயனைடு என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. கசப்பு வகையில் அது மிகுதி. சீவுவதும், வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதும், வெயிலில் காயவைப்பதும் அந்நஞ்சைக் குறைக்கின்றன. மாவுச்சத்து நிரம்பிய அக்கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அதனை மட்டுமே உண்டவர் மெலிந்தனர் என்பதை மறைத்தலாகாது. உணங்கிய கிழங்குடன் உப்பிட்டு உணக்கிய சாளை மீனையும் சேர்த்து உண்ட வழக்கம் அக்குறையை ஓரளவு நிரப்பியது. 1963-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் நடுவண் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏழையின் கிழங்கு அறிஞரின் ஆராய்ச்சிக்கும் உரியதாயிற்று.

இதற்கிடையில் நாட்டின் கோடுகள் மாறின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி முதலியோர் தலைமையில், தமிழர் வாழும் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கப் போராடியது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் குடிபெயராமலே வேற்று மாநிலத்தார் ஆயின.

இடம் பெயர்ந்து பிற மாநிலம் சென்ற நாம், இடம் பெயராமலே நம் நிலையை அடைந்த அவர்களை நினைத்துப் பார்த்தல் தகும். அலுவலகத்தின் மொழியும் பள்ளியின் மொழியும் கோட்டுக்கு அப்பால் வேறாயின. வெயில் மட்டும் வேறாகவில்லை. இடவப்பாதிக்கு முன்னே சருவத்தை இறக்குவதும், பாயை விரிப்பதும், அண்டைவீட்டாரைக் கூப்பிடுவதும் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன. இன்று பலா தமிழ்நாட்டுக்கும் மாநிலக் கனி. 2018 முதல் கேரளத்துக்கும் மாநிலக் கனி. விளையில் நின்ற மரத்துக்கு எல்லை தெரியாது என்பதை இரு அரசுகளும் தம்மையறியாமலே ஒப்புக்கொண்டன போலும்.

இப்போது குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. அரிசியும் ஆண்டு முழுதும் கடையில் கிடைக்கிறது. வாட்டிய கிழங்கு பட்டினிக்கு மருந்தாக அன்றி, விரும்பி வாங்கும் பண்டமாக விற்கிறது. பட்டினி போனதில் நமக்கு மகிழ்ச்சியே. அந்த நாள்கள் திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பார். எனினும் மிகுதி வந்த நாளிலேயே இல்லாமை வரும் நாளை எண்ணிய அறிவும், ஒருவர் வெயிலை அயலாரும் பங்கிட்டுக்கொண்ட உறவும் பட்டினியோடு சேர்ந்து போய்விடலாகாது.

தில்லியின் மாடியிலோ மும்பையின் பால்கனியிலோ இக்கோடையில் நீங்கள் நாலு மாங்காயை அரிந்து உப்பிட்டுப் பரப்பக்கூடும். அப்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், உணக்குகிறோம் என்றே சொல்லுங்கள். எல்லைக்கு அப்பால் நின்றுபோன நம்மவர் நமக்காகக் காத்து வைத்திருக்கும் சொல் அது.