கோவிவனுக்கு ஒரு வாடகை வீடு

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். பணிமாறுதல் கிடைத்த ஆண்டில் அத்தொலைவைக் குடிபெயர்ந்து கடக்க எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. வீட்டுச் சாமான்கள் அதிகமில்லை; புத்தகங்கள்தாம் சற்று மிகுதி. தடையாக நின்றது எங்களுடன் இருந்த ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரம்.

வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம் உரையாடல் ஒரே வரிசையில் நடந்தது. எத்தனை பேர், சொந்த ஊர் எது, முன்பணம் எவ்வளவு தரமுடியும், கறி மீன் சமைப்பீர்களா. கேட்கத் தகாத ஒரு கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டவர்களும் உண்டு. எல்லாம் முடிந்து சாவியை எடுக்கப் போகும் நேரத்தில் நாங்கள் நாயைப் பற்றிச் சொல்வோம். மறைத்துக் குடியேற மனம் வரவில்லை.

"குட்டியூண்டு நாய்னா ஒண்ணும் சொல்லமாட்டேன் சார். இது கன்னுக்குட்டி மாதிரி இருக்குமே" என்றார் ஒரு பெரியவர். இன்னொரு வீட்டில் அம்மையார் ஒருவர், "தம்பி, மாடியில நாங்க இருக்கோம். பேரப்பிள்ளைங்க ஏறி எறங்குற படி அது. தப்பா நெனைக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் தவறு காண எங்களால் இயலவில்லை. உடன் பணிபுரியும் நண்பரோ எளிய வழியொன்று சொன்னார்: "ஏதாவது தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்களேன்."

அந்த நான்கு மாதங்களில், மாலைப் பேருந்தில் திரும்பும்போதெல்லாம் எங்களைத் தொடர்ந்து வந்த வினா இதுதான்: இந்த மறுப்புக்கு வயது என்ன? தமிழர் வீட்டில் நாய்க்கு இடம் இருந்ததா, இருந்தால் அது எங்கே இருந்தது?

தொல்காப்பிய மரபியலிலிருந்து தொடங்கலாம். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயரை அது வழங்குகிறது. பெண் நாய்க்கும் பெண் பன்றிக்கும் 'பாட்டி' என்று பெயர். இன்று இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நாயின் பருவத்துக்கும் பாலுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி, அதனை அருகிலிருந்து பார்த்த மொழி என்பதில் ஐயமில்லை.

எவ்வளவு அருகில் என்பதற்குப் பத்துப்பாட்டில் விடை இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு காட்சிகள் வருகின்றன. வேட்டை மறவர்களாகிய எயினர் வாழும் அரணில் காவல்மிக்க வீடுகளின்முன் நாய்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கின்றன. அதே பாட்டில், பாணன் மேலும் நடந்து மறை காப்பாளர் வாழும் ஊரை அடையும்போது, அங்குள்ள மனைகளைக் கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்று புலவர் சொல்கிறார். நாய் காக்கும் வீடும் நாய் அண்டாத வீடும் ஒரே பாட்டில், ஒரே வழியில் அமைந்திருக்கின்றன. 'நாய் உள்ளவர்களுக்கு வீடு இல்லை' என்று பெரம்பலூரில் கேட்டபோது, அதன் மூதாதையை முன்பே படித்திருக்கிறோம் என்ற நினைவு எங்களுக்கு வந்தது.

அதே புலவரின் பட்டினப்பாலையில் மூன்றாவது காட்சி ஒன்றும் உண்டு. புகார்த் துறைமுகத்தில் பொதிகள் குவிந்து கிடக்கும் பண்டசாலையின் முற்றத்தில், கூரிய நகமுடைய ஆண் நாய்கள் ஆட்டுக் கிடாய்களோடு துள்ளித் திரிகின்றன. அந்த இடத்துக்குப் புலவர் இட்ட சொல் 'முன்றில்'. இல்லின் முன்னிடம் முன்றில். அது வீட்டின் அகமும் அன்று, தெருவும் அன்று. நாயின் இடம் அதுவே என்பது எங்கள் துணிபு.

பிற்கால இலக்கியத்திலும் நாயின் நிலை இப்படி வாசலிலேதான் நிற்கிறது. யானையின் நட்பைவிட நாயின் நட்பு மேல் என்று நாலடியார் உயர்த்துகிறது. மாணிக்கவாசகரோ இறைவன்முன் தம்மைத் தாழ்த்திச் சொல்ல நாயையே மீண்டும் மீண்டும் அழைக்கிறார். அன்புக்கும் அதுவே உவமை, இழிவுக்கும் அதுவே உவமை. வீட்டுக்காரர்களின் குழப்பத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது.

இலக்கியம் தயங்கிய இடத்தில் கல்வெட்டு தயங்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டார நடுகற்களுக்குப் பெயர்பெற்ற பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த நடுகல் ஒன்று அங்கு எழுப்பப்பட்டது. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த வீரனுக்கான கல் அது. அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயரையும் கல் சொல்கிறது: கோவிவன். சாதாரண மக்கள் எத்தனையோ பேரின் பெயர்கள் அழிந்துபோன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது கல் கருநாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. அதன் கதை அரியலூர்ப் பகுதி மக்களுக்கு அந்நியமன்று. 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தான். வென்றவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன். உடன் நின்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பான், பரிசு என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது பன்றியும் காளியும் ஒருசேர மாண்டன. மணலேரன் காளிக்குக் கல் நட்டு, அக்கல்லின் வழிபாட்டுக்கு நிலமும் அளித்தான். பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ள அக்கல்லில் நாயும் பன்றியும் மோதும் காட்சியைக் காணலாம்.

இராசாதித்தனின் தம்பி வழியில் வந்த முதலாம் இராசேந்திரன் எழுப்பிய தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம், இன்று அரியலூர் மாவட்டத்தில். அங்கு மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கல் அடித்தளங்களே கிடைத்தன. சோழரின் மாளிகை தரையோடு போயிற்று. சோழரை வென்ற பக்கத்து வீரன் தன் நாய்க்கு நட்ட கல் நிற்கிறது. இதில் நீதி எதுவும் தேட வேண்டியதில்லை. கல்லும் நிலமும் கொடுத்து நினைக்கத்தக்க உயிராக நாய் ஒருகாலத்தில் கருதப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி நம் காலத்து வீடுகளுக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர் சிற்றூர்களின் பழைய ஓட்டு வீட்டில் தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் கொல்லை என்று மூன்று இடைவெளிகள் இருந்தன. நாயை யாரும் 'வீட்டுக்குள் வைத்து' வளர்க்கவில்லை. அது பகலில் கொல்லையில் கிடந்தது, இரவில் திண்ணையடியில் படுத்தது, ஆட்டுக்கிடை போட்டால் கிடையோடு போயிற்று. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளில் காவலுக்கு அதற்கு வேலையும் இருந்தது.

பிறகு ஊர்கள் நகரங்களாயின. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் கிடைத்ததால் தனியார் ஆலைகளும் வந்தன. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினைக்கும் புதிய அலுவலகங்கள், புதிய மாறுதல் ஆணைகள், வாடகைக்கு வீடு தேடும் புதிய குடும்பங்கள். தேவை பெருகியபோது வீட்டின் வடிவம் மாறியது. கீழே இரண்டு பகுதி, மேலே இரண்டு பகுதி, வெளியே ஒரு பொதுப் படிக்கட்டு. திண்ணை இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. கொல்லை இருந்த இடத்தில் பின்வீடு எழுந்தது. முன்றில் ஒழிந்த வீட்டில் நாய்க்கு எஞ்சியவை இரண்டே: கட்டிலுக்கு அருகே, அல்லது தெருவில். சிறிய நாய் முதலாவதற்குப் பொருந்திவிடும். பெரிய நாய் பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது? வாடகைச் சட்டமும் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1960ஆம் ஆண்டிலேயே பிறந்தவை. சென்னை மாநிலத்தின் கட்டட (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில் நாய் என்ற சொல்லுக்கு இடமில்லை. உடன் குடியிருப்போருக்கோ அண்டை வீட்டாருக்கோ தொல்லையாக நடந்துகொள்வது வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாக இருந்தது. நடுவணரசின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ நாயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமலிருப்பது குற்றம். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் வண்ணம் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். முதல்முறைக்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. எங்கள் நண்பர் சொன்ன எளிய வழியின் விலை இவ்வளவுதான்.

1960இன் வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 1962இல் உருக்மணிதேவி அருண்டேல் தலைமையில் சென்னையில் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம், குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டும் வளர்ப்பு நாய்களைத் தடைசெய்ய முடியாது என்று 2015இல் வழிகாட்டியது. இவை யாவும் குடியேறியவர்களுக்கே துணை. நாய் வைத்திருப்பவருக்கு வீட்டை விட்டே ஆகவேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவுமில்லை.

உரிமையாளரின் அச்சமும் வெறும் கற்பனையன்று. 2024 மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான், 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு நடுவணரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கருநாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதனை நீக்கியது. அந்தப் பட்டியலில் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கோம்பையோ இல்லை. ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலையே வெளியிடப்பட்டது. ஆனால் வீட்டுக்காரர் பட்டியலைப் படிப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்.

பிற நாடுகளில் இச்சிக்கலை வெவ்வேறாகத் தீர்த்திருக்கிறார்கள். பிரான்சில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்பு விலங்கைத் தடுக்கும் விதி செல்லாது. ஆனால் அவ்விலங்கு சேதமோ இடையூறோ விளைவிக்கக் கூடாது, தாக்கும் வகை நாய்களை விலக்கவும் செய்யலாம். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரின் அரசு அடுக்ககங்களிலோ, அனுமதிக்கப்பட்ட சிறிய வகைகளுள் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். ஒரு நாடு நடத்தையை அளக்கிறது. மற்றொன்று உடம்பை அளக்கிறது. நாம் இன்னும் எதையும் அளக்கத் தொடங்கவில்லை.

எங்களுக்கு வீடு கிடைத்த கதையைச் சொல்லி முடிக்கிறோம். நான்காம் மாதம், பெரம்பலூருக்கு வெளியே ஒரு சிற்றூரில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பார்த்தோம். உரிமையாளர் எழுபது வயது விவசாயி. நாயைப் பற்றி நாங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் உயரம் கேட்கவில்லை. "ராவுல எங்க படுக்கும்?" என்று கேட்டார். எங்களுக்கு உடனே விடை தோன்றவில்லை. அவரே திண்ணையைக் கைகாட்டினார்.

ஒப்பந்தத்தில் நாங்களே வற்புறுத்தி ஒரு வரி சேர்த்தோம்: ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம், கட்டாமல் தெருவில் விடமாட்டோம், கதவு சுவருக்குச் சேதம் வந்தால் ஈடுசெய்வோம். எழுத்தில் அது மூன்று சொற்றொடர்தான். அதனை முதல் வீட்டிலேயே நீட்டியிருந்தால் மாடிப்படியில் பேரப்பிள்ளைகள் ஏறி இறங்கும் அந்த அம்மையார் இசைந்திருக்கமாட்டார். இசைந்திருக்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். வேறு ஒருவர் இருவர் இசைந்திருக்கக் கூடும். முன்றில் இல்லாத வீடுகளில் அந்த எழுத்துதான் இனி முன்றில்.

நாய் இப்போது கிழடாகிவிட்டது. திண்ணையில்தான் படுக்கிறது. தத்தம் ஊர்களில் நாய் செதுக்கிய நடுகற்களைக் கண்ட அன்பர்கள் அறியத் தந்தால் மகிழ்வோம்.