திரைக்குப் பின்னால் ஒரு புத்தகம்

ஜொகூர்த் தோட்டங்களில், திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. மறுநாள் பால்மரக் காட்டில் எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்ற வாதம் நடக்கும். இரு தரப்பாரும் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு.

எம்.ஜி.ஆர். நடித்து 1954இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். சிவாஜி நடித்து 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. வாரவாரமாக வளர்ந்த அந்த நெடுங்கதையை மூன்று மணி நேரத்துக்குள் அடக்க, இயக்குநர் ஏ.பி. நாகராஜன் பலவற்றை விட்டாக வேண்டியிருந்தது. படத்தை மட்டும் பார்த்தவர் முழுக்கதையை அறியார்.

எழுத்தறியாத பெரியோர் பலர் அன்று திரையோடு நிற்க நேர்ந்தது. படிக்கத் தெரிந்த நாம் மூலநூலை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். பிறகு வாதம் நடிகரைப் பற்றி மட்டுமன்று, கதையைப் பற்றியும் எழும்.